ரயில் படங்களுக்குக் கறுப்பு வெள்ளையா, கலரா?

பிலிம் காலத்தில் போத்தனூர், மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் ரயில்களைப் படமெடுத்துத் திரிந்தவர்களிடையே தீராத வழக்கு ஒன்று இருந்தது: கேமராவில் போடவேண்டியது கறுப்பு வெள்ளை ரோலா, கலர் ரோலா? நான் கறுப்பு வெள்ளையின் கட்சி. பழைய நெகட்டிவ்களை இப்போது ஸ்கேன் செய்யத் தொடங்கிய பிறகு அந்தச் சாய்வு இன்னும் கூடியிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கலருக்குள்ள நியாயத்தை விளக்கவே வேண்டியதில்லை. மலை ரயிலின் நீலப் பெட்டிகளையும் குன்னூருக்கு மேலே விரியும் தேயிலைப் பச்சையையும் சாம்பல் நிறத்தில் காட்டினால் பார்ப்பவருக்குப் பாதி விஷயம் போய்ச்சேராது. கலர் லேப்கள் பெருகிய பிறகு ரோலைக் கொடுத்துப் பிரிண்ட் வாங்குவதும் எளிதாயிற்று.

ஆனால் பல் சக்கரப் பாதை தொடங்கும் கல்லாற்றில் பாக்குத் தோப்பு நிழலும் காலை வெயிலும் ஒரே சட்டத்துக்குள் விழும். மலையேறும்போது எக்ஸ் வகை நீராவி இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். அதன் பக்கவாட்டில் மேலும் கீழுமாக அமைந்த சிலிண்டர்களும் தண்டுகளும் இருட்டில் கிடக்க, மேலே நீராவி கண்கூசும் வெண்மையில் எழும். நிழலுக்குத் தக்கபடி ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு வெளிச்சம் கொடுத்து, டெவலப் செய்யும் நேரத்தைச் சற்றுக் குறைத்தால், கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இரண்டுமே தங்கும். லேப் இயந்திரத்தில் எல்லார் ரோலோடும் சேர்ந்து ஓடும் கலர் ரோலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இவையெல்லாம் இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது நெகட்டிவின் ஆயுள்தான். கலர் நெகட்டிவில் இருப்பவை மூன்று நிறச் சாயங்கள். அவை மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை என்பதால், நாளடைவில் நிழற்பகுதிகள் வேறு நிறத்துக்குச் சாய்கின்றன. கணினியில் அதை ஓரளவுதான் மீட்க முடிகிறது. இன்று அகலப்பாதையாகிவிட்ட போத்தனூர்–பொள்ளாச்சி தடத்தில் மீட்டர் கேஜ் வண்டிகளை நான் கலரில் எடுத்தவை இப்படித்தான் ஆகியிருக்கின்றன. அவற்றுள் ஒரு லேப் தேய்ந்த ரசாயனத்தில் கழுவிக் கொடுத்த ரோல்களே மிகவும் மோசம். கறுப்பு வெள்ளையில் இருப்பதோ வெள்ளி. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போதிய நேரம் வைத்து, பிறகு அந்த ஹைப்போ முழுக்கப் போகும்வரை தண்ணீரில் அலசினால் அது அசையாமல் நிற்கும். அலசலில் குறை வைத்தால் மிஞ்சிய ஹைப்போவே வெள்ளியைத் தின்று பழுப்பேற்றிவிடும்.

ஆகவே எல்லாம் தண்ணீரில் வந்து நிற்கிறது. கொங்கு நாட்டில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற பேதம் அறியாத வீடு இல்லை. ஹைப்போவை அகற்ற ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரே போதும். ஆனால் அப்படியே காயவிட்டால் பிலிமில் வெள்ளைத் திட்டுகள் படியும். அதனால் கடைசி முறை அலச மட்டும் சிறுவாணித் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துவைப்பேன். குழாயில் அது வராத நாளில் கடையில் வாங்கிய பேட்டரித் தண்ணீர் உதவும். சித்திரை வெயிலில், பிலிமில் படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பர் கரைசலை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கவேண்டும் என்பது உண்மை. ஆயினும் ஓரிரு டிகிரி கூடினால் நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். கலருக்கான சி-41 முறையோ 38 டிகிரியை ஒட்டி, இம்மியும் பிசகாத வெப்பத்தைக் கேட்கும்.

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ ரோலில் மலை ரயிலை எடுப்பதில் ஒரு தனிக் கர்வமும் இருந்தது. அதை வாதமாகக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

நெகட்டிவாக இல்லாமல் நேரே நிறப்படமாகவே வரும் ஸ்லைடு பிலிமில் நான் எடுத்தது சொற்பமே என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இருட்டில் வைத்த கோடாக்ரோம் என்னும் ஸ்லைடு பிலிம் நிறம் காப்பதில் பேர்பெற்றது. ஆனால் அதை வீட்டில் கழுவ வழியில்லை, உலகில் எஞ்சியிருந்த கடைசி லேபும் 2010-இல் அந்த வேலையை நிறுத்திவிட்டது.

ஸ்கேன் செய்பவர்கள் கலருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டு நீக்கும் ஸ்கேனர் வசதி கலர் நெகட்டிவில் வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் வெள்ளியே அந்தக் கதிரை மறைப்பதால் செய்யாது. நீராவி மேகத்தின் நடுவே விழுந்த தூசியை ஒவ்வொரு புள்ளியாகக் கையால்தான் நீக்கவேண்டியிருக்கிறது.