பாஸ்வேர்ட் கேட்கிறது என்பதற்காகப் பென்டிரைவை நம்பிவிடாதீர்கள்

பென்டிரைவில் இருக்கும் கோப்புகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். 'ராணுவத் தரப் பாதுகாப்பு', '256 பிட் என்கிரிப்ஷன்' (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பை உருமாற்றி வைப்பது) என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், வங்கி விவரம் என எல்லா ஸ்கேனும் அதற்குள்தான் இருந்தன. இதே மாதிரி ஒன்றை வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்டோஸில் செருகினால் ஒரே ஒரு ஐகான் தெரியும். சொடுக்கினால் பாஸ்வேர்ட் கேட்கும். தப்பாகப் போட்டால் சிவப்பு எழுத்தில் மிரட்டும். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் வேறு வேலையாக அதை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் மடிக்கணினியில் செருகினேன். பாஸ்வேர்டும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வாயில் நுழையாத பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் என் கோப்புகள் அத்தனையும், பெயர்கூட மாறாமல். பத்திரத்தின் பிடிஎஃப்பைச் சொடுக்கினேன். முத்திரையும் கையெழுத்துமாக முதல் பக்கம் திறந்துகொண்டது.

ஃபோல்டருக்கு 'மறைவு', 'சிஸ்டம்' என்று இரண்டு அடையாளம் போட்டதைத் தவிர அந்த மென்பொருள் வேறெதுவும் செய்யவில்லை. விண்டோஸ் அதை மதித்து மறைக்கும், லினக்ஸ் கண்டுகொள்ளாது. விண்டோஸிலேயே மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "எங்கள் தயாரிப்பு விண்டோஸுக்கு மட்டுமே" என்று பதில் வந்தது. பென்டிரைவைத் திருடுகிறவனும் விண்டோஸ்தான் வைத்திருக்க வேண்டும் போல! பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஆக்டிவேட் செய்தபின் தர முடியாதாம். அதற்குமேல் எழுதிய எதற்கும் பதில் இல்லை.

விலை கூடியதை வாங்கினால் தப்பித்துவிடலாம் என்றும் சொல்வதற்கில்லை. அரசாங்கத் தரச் சான்றிதழ் பெற்ற சில டிரைவ்களிலேயே ஓட்டை இருந்தது 2010 தொடக்கத்தில் அம்பலமானது. அவற்றில் கோப்புகள் நிஜமாகவே என்கிரிப்ட் ஆகியிருந்தன. ஆனால் பாஸ்வேர்டைச் சரிபார்த்தது கணினியில் ஓடிய நிரல். சரியென்றால் அது டிரைவுக்கு அனுப்பிய திறப்புக் கட்டளை, பாஸ்வேர்ட் எதுவானாலும் ஒன்றேதான். அந்தக் கட்டளையை நேராக அனுப்பினால் பாஸ்வேர்டே தேவையில்லை.

இப்போது வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ஷன் மென்பொருளுக்கு மாறிவிட்டேன். இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஒரு தொல்லை, விண்டோஸில் அதை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டுவதற்கு அட்மின் அனுமதி வேண்டும். அடுத்தவர் கணினியில் அது கிடைப்பது கஷ்டம். விண்டோஸ் புரோ வைத்திருந்தால் அதிலேயே வரும் பிட்லாக்கர் என்ற என்கிரிப்ஷன் வசதி போதும். ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் போட்டுப் பூட்ட முடியாது, பூட்டியதைப் பாஸ்வேர்ட் கொடுத்துத் திறக்கலாம். மீட்புச் சாவியாக வரும் 48 இலக்க எண்ணை வேறிடத்தில் எழுதி வையுங்கள். எதைப் போட்டாலும், முதலில் ஒரு உப்புச்சப்பில்லாத கோப்பை வைத்து வேறொரு இயங்குதளத்தில் செருகிப் பாருங்கள்.

பழைய பென்டிரைவை அழித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். பென்டிரைவுக்குள் இருக்கும் நினைவகச் சிப் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் இடம் மாற்றி மாற்றி எழுதும். மேலே புதிதாக எழுதினாலும் பழைய நகல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை, உடைத்துப் போட்டுவிட்டேன்.