தார்ப்பாயா, தகரமா? நிலநடுக்கத்துக்குப் பின் திறந்து கிடக்கும் கூரைக்கு எது நல்லது

நிலநடுக்கம் அடங்கியதும் தெருவில் எல்லோரும் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். ஓடு சரிந்து முகடு திறந்து கிடக்கும்போது மழை வந்தால் மிச்சமிருக்கும் அரிசியும் துணிமணியும் போய்விடும். உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டு: தார்ப்பாய் விரிப்பது அல்லது தகரம் அடிப்பது. முதல் சில வாரங்களுக்குத் தார்ப்பாய், அப்புறம் தகரம் என்பதே என் முடிவு.

பின்னதிர்வுதான் இதற்குக் காரணம். ஜப்பானின் குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு நிலம் குலுங்கியது. பெரியது முடிந்தது என்று நம்பி வீடு திரும்பியவர்கள் உண்டு. 16ஆம் தேதி அதிகாலை அதைவிடப் பெரியது வந்தது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-இல் 7.8 அளவில் வந்ததற்கு 17 நாள் கழித்து, மே 12-இல் 7.3 அளவில் இன்னொன்று. அந்த நாட்களில் கூரைமேல் ஏறி மணிக்கணக்காக ஆணி அடிப்பது உயிரோடு விளையாடுவது. தார்ப்பாய் என்றால் வேலை சீக்கிரம் முடியும். அது நழுவி விழுந்தாலும் யார் மண்டையும் உடையாது.

ஆனால் தார்ப்பாய்க்குக் காற்று ஆகாது. நிவாரணத்தில் பெரும்பாலும் தரப்படும் 4 மீட்டருக்கு 6 மீட்டர் பாயைக் காற்று பிடித்தால் படபடவென்று அடித்து, கயிறு கோக்கும் துளையிலிருந்தே கிழியத் தொடங்கும். அதற்குப் பயந்து கல்லையும் உடைந்த ஓடுகளையும் மேலே ஏற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அடுத்த குலுக்கலில் அவை கீழே நிற்பவர் தலையில்தான் விழும். மணல் மூட்டை பரவாயில்லை, ஆனால் சாதாரண சாக்கு வெயிலில் சில மாதங்களில் இற்றுப்போய் மணலைக் கொட்டிவிடும். ஓரத்தை ஒரு மரச்சட்டத்தில் சுருட்டி, அந்தச் சட்டத்தைக் கூரை மரத்தில் அடிப்பதே நல்லது. இழுவை ஒரே ஆணியில் விழாமல் சட்டம் முழுவதும் பரவும். பாயின் மேல் ஓரத்தை முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறக்குங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தினால் தண்ணீர் பாய்க்கு அடியில் புகுந்து வழியும்.

தகரம் வெல்வது ஆயுளில். நேபாளத்தில் மழைக்காலத்துக்கு முன் தற்காலிகக் குடிலுக்கென்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு 15,000 நேபாள ரூபாய் கொடுத்தபோது, பலர் வாங்கியது நெளி தகரம்தான். இன்று குடிலுக்குப் போட்ட தகடு நாளை புது வீட்டின் கூரைக்கும் ஆகும். கிழிந்த பாயை அப்படிச் சொல்ல முடியாது. ஓடுகளைவிட எடை குறைவு என்பதும் அடிபட்ட சுவருக்கு நல்லது. ஆணியை நெளிவின் மேட்டில், வாஷர் வைத்து அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை. தகரம் பகலில் அடுப்பாகக் காயும், இரவில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய தகரம் என்றால் அதன் விளிம்பு கையைக் கிழிக்கும், உறை போட்டுத் தொடுங்கள்.

எதைப் போட்டாலும் அதைத் தாங்கும் சுவரை முதலில் பாருங்கள். விரிசலைச் சிமெண்டு பூசி மறைக்கும் ஆசை வரும். பூசாமல் விடுவதற்கே என் வாக்கு. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் அந்த அறையில் படுக்கக் கூடாது. பூசிவிட்டால் அது உங்களுக்கும் தெரியாது, சோதிக்க வரும் பொறியாளருக்கும் தெரியாது.

சமையல் இடத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தகரம்தான், நாலு கம்பு நட்டுத் தாழ்வாகப் போட்டாலும் போதும். தார்ப்பாய் பிளாஸ்டிக்; அடுப்புச் சூட்டில் உருகும், தீயும் பிடிக்கும். பின்னர் வீட்டுக்கூரைக்குத் தகரம் ஏறியதும், இறக்கிய பாயைக் கழுவிக் காயவைத்து மடித்து வையுங்கள். சுவர் இல்லாத பக்கத்தை மறைக்க இன்னும் பல மாதம் அது வேண்டியிருக்கும்.