மினி லேத்துக்கு குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட்: ஓஎக்ஸ்ஏ போதுமா, ஏஎக்ஸ்ஏ வேண்டுமா?

7 இஞ்சு மினி லேத் வாங்கியவர்கள் முதலில் கழற்றிப் போட நினைப்பது அதோடு வரும், வெட்டும் டூலைப் பிடிக்கும் நாலுமுக டூல் போஸ்டைத்தான். ஒவ்வொரு டூலுக்கும் அடியில் பழைய ஹேக்ஸா பிளேடையும் டப்பாத் தகட்டையும் அடுக்கி உயரம் சரிக்கட்டுவதற்குள் பாதி நாள் போய்விடும். குளச்சல், முட்டம் பக்கத்துப் படகு எஞ்சினுக்கோ, குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் உருளைக்கோ சின்னதாக ஒரு கன்மெட்டல் புஷ் கடைய வேண்டும் என்றால்கூட வெளிப்பக்கம், முகம், உள்துளை, கடைசியில் பார்ட்டிங் (வெட்டிப் பிரிப்பது) என்று மூன்று நான்கு டூல் மாற வேண்டும். டூலை அதன் பிடியோடு (ஹோல்டர்) மாட்டிக் கழற்றும் குயிக் சேஞ்ச் போஸ்ட் அங்கேதான் காசுக்கு வேலை செய்கிறது.

கடையில் அளவு கேட்டால் லேத்தின் சுழல் விட்டத்தை, அதாவது அதில் சுற்றக்கூடிய மிகப் பெரிய உருப்படியின் விட்டத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெயரைச் சொல்வார்கள். 8 இஞ்சு வரை ஓஎக்ஸ்ஏ, 12 இஞ்சு வரை ஏஎக்ஸ்ஏ, அதற்கு மேல் பிஎக்ஸ்ஏ. ஆன்லைனில் முதல் இரண்டு அளவும் 250-000, 250-100, 250-111 என்ற எண்களில் கிடைக்கும்: முதலாவது ஓஎக்ஸ்ஏ, அடுத்தது பிஸ்டன் வகை ஏஎக்ஸ்ஏ, மூன்றாவது வெட்ஜ் வகை ஏஎக்ஸ்ஏ (வகை வித்தியாசம் கீழே). 8-க்கும் 10-க்கும் நடுவே உள்ள லேத்துக்கு இந்தக் கணக்கு பிடிகொடுக்காது. முடிவு செய்வது சுழல் விட்டம் இல்லை. டூல் போஸ்ட் உட்காரும் காம்பவுண்ட் ஸ்லைடின் மேல்முகத்திலிருந்து செண்டர் (உருப்படி சுழலும் அச்சு) வரை உள்ள உயரம்தான். ஒரே 7 இஞ்சு லேத்திலேயே மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் விளம்பரத்தை நம்ப வேண்டாம், அளந்துவிடுங்கள்.

அளப்பது எளிது. சக்கில் ஒரு கம்பியை மாட்டி லேசாக ஒரு வெட்டு ஓட்டிவிடுங்கள். அப்போதுதான் அது செண்டரில் உண்மையாகச் சுழலும். விட்டத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள். பழைய போஸ்டைக் கழற்றி, ஸ்லைடின் துடைத்த முகத்திலிருந்து கம்பியின் உச்சி வரை வெர்னியரால் அளந்து, அதில் பாதி விட்டத்தைக் கழியுங்கள். உச்சி 40 மில்லி, விட்டம் 20 என்றால் செண்டர் உயரம் 30.

இனி வாங்கப்போகும் பிடியின் படத்தில் ஒரே ஒரு அளவைத் தேடுங்கள்: பிடியின் அடிமுகத்துக்கும் டூல் உட்காரும் பள்ளத்தின் தரைக்கும் நடுவே எத்தனை மில்லி. அதோடு டூல் தண்டின் உயரத்தைக் கூட்டினால் வருவதுதான், பிடி முழுக்கக் கீழே இறங்கி ஸ்லைடைத் தொடும்போது டூல் முனை நிற்கும் உயரம். தரை 15, தண்டு 12 என்றால் 27. செண்டர் 30 ஆனால் 3 மில்லி மிச்சம்; போதும். செண்டர் 26 ஆனால் டூல் எப்போதும் செண்டருக்கு மேலேயே நிற்கும், எந்தத் திருகும் அதை இறக்காது. கார்பைடு இன்செர்ட் தண்டுகளில் முனை தண்டின் மேல்முகத்தோடு சமமாகவே வரும். ஆகவே 12 மில்லி தண்டுக்குப் பதில் 10 மில்லி போட்டால் நேராக 2 மில்லி இறங்கிவிடும். செண்டர் மிகவும் உயரம் என்றாலும் சிக்கல்தான். பிடியை மேலே தூக்கத் தூக்க டோவ்டெயிலில் (போஸ்டும் பிடியும் கோத்துக்கொள்ளும் புறாவால் வடிவப் பள்ளம்) பற்று குறையும். முக்கால் பங்காவது பற்றவில்லை என்றால் சின்னப் போஸ்டை விட்டுப் பெரியதற்குப் போங்கள், அல்லது அடியில் தட்டையான ஒரு கட்டை செய்து போடுங்கள்.

7 இஞ்சு லேத்துக்கு எங்கள் வாக்கு ஓஎக்ஸ்ஏ. 3 நூல் (3/8 இஞ்சு) ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட்டும் 10 மில்லி தண்டும் தாராளமாக உட்காரும்; சில பிடிகளில் 12-ம் நுழையும். ஏஎக்ஸ்ஏ-வை இதில் ஏற்றுகிறவர்கள் ஸ்லைடின் மேல்முகத்தைச் சீவியோ பிடியின் பள்ளத்தை ஆழப்படுத்தியோதான் ஏற்றுகிறார்கள். போஸ்ட் பெரிதானால் இறுக்கம் கூடும் என்பது பாதி உண்மைதான். பெரிய போஸ்டில் டூல் முனை, போஸ்டை இறுக்கும் நடு ஸ்டட்டிலிருந்து தள்ளி நிற்கும், மெல்லிய காம்பவுண்ட் அதற்கேற்ப வளையும், பார்ட்டிங்கில் டூல் கிறீச்சிடும். போஸ்டின் அடிப்பாகம் ஸ்லைடைத் தாண்டி வெளியே துருத்தினால் பிடி இன்னும் கீழே இறங்குகிறதே என்று மகிழவேண்டாம். போஸ்டைக் கொஞ்சம் திருப்பினால் பிடி ஸ்லைடில் இடிக்கும். 10 முதல் 12 இஞ்சு வரை உள்ள லேத்தில் ஏஎக்ஸ்ஏ-தான், அங்கே தயங்க வேண்டியதில்லை.

வெட்ஜா, பிஸ்டனா? வெட்ஜ், பிடியைப் போஸ்டின் முகத்தோடு இழுத்து அழுத்தும். பிஸ்டன் அதை வெளியே தள்ளி டோவ்டெயிலில் நிறுத்தும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உட்காருவதில் வெட்ஜ் மேல். ஆனால் சின்ன லேத்தில் முதலில் தளர்வது ஜிப்பும் (ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிக்கட்டும் பட்டை) காம்பவுண்டும்தான். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் பிஸ்டன் வாங்கி, மிச்சக் காசில் கூடுதல் பிடிகள் வாங்குவதே புத்தி. இரண்டு சாதாரணப் பிடி, அடியில் வி பள்ளம் உள்ள போரிங் பிடி ஒன்று, பார்ட்டிங் பிடி ஒன்று: குறைந்தது இந்த நாலு. செட்டோடு வரும் நர்லிங் (பிடிமானத்துக்கு வரி பதிக்கும்) பிடியை எண்ணிக்கையில் சேர்க்கவேண்டாம். ஒரு பக்கமாக அழுத்தும் நர்லிங் சின்ன லேத்தின் ஸ்பிண்டில் பேரிங்குக்கு ஆகாது. இரண்டு பக்கமும் கவ்வும் கத்திரி வகையே நல்லது. பிடிகளைப் பின்னால் வேறு கம்பெனியில் வாங்கினால் டோவ்டெயில் பொருந்தாமல் போகலாம், முதலிலேயே சேர்த்து வாங்குங்கள்.

அலுமினியப் போஸ்ட் விலை மலிவு, பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகும். டோவ்டெயில் ஓரம் தேய்ந்து நாளடைவில் பிடி ஆடத் தொடங்கும் என்பதால் ஸ்டீல் கடைகிறவர்களுக்குச் சொல்லமாட்டோம்.

பெட்டி வந்ததும் ஒரு பிடியை மாட்டி, டூல் முனையில் டயல் கேஜ் வைத்துப் பூட்டித் திறந்து ஐந்து முறை பாருங்கள். முள் 0.03 மில்லிக்குள் திரும்பி வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அலைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மாட்டும்போது கெடுவது இரண்டு இடம். மினி லேத்தின் ஸ்டட் பெரும்பாலும் 10 மில்லி. போஸ்டின் நடுத்துளை அதைவிடப் பெரிது என்றால் நடுவே ஒரு புஷ் கடைந்து போடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு முறையும் போஸ்ட் இடம் மாறும். டி பள்ளம் உள்ள லேத் என்றால், கூட வரும் டி நட் வெறும் கட்டையாகத்தான் இருக்கும். உங்கள் பள்ளத்துக்கு அளந்து சீவ வேண்டும். ஸ்டட்டின் நுனி டி நட்டைத் தாண்டி அடியில் முட்டக்கூடாது. முட்டினால் மேல் நட்டை முடுக்க முடுக்க ஸ்டட் ஜாக்கி போல டி நட்டை மேலே தூக்கி, வார்ப்பிரும்புப் பள்ளத்தின் உதட்டைப் பிளந்துவிடும். அதற்குப் பிறகு எந்த டூல் போஸ்டும் கைகொடுக்காது.

உயரம் வைக்க ஒரு 6 இஞ்சு ஸ்டீல் ஸ்கேல் போதும். கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே லேசாகப் பிடித்துப் பாருங்கள். ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, கம்பிப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. செங்குத்தாக நின்றதும் பிடியின் உயரத் திருகில் உள்ள பூட்டு நட்டை முடுக்குங்கள், இல்லையேல் வெட்டின் அதிர்வில் பிடி தானே இறங்கும்.

கடைசியாக உப்புக்காற்று. கறுப்புப் பூச்சு போட்ட ஸ்டீல் பிடிகள் கடலோரத்தில் திறந்த அலமாரியில் கிடந்தால் ஒரு மழைக்காலத்திலேயே டோவ்டெயிலில் துரு பிடிக்கும், பிறகு வெட்ஜ் இறுகி நிற்கும். வேலை முடிந்ததும் துடைத்து மெஷின் ஆயில் தடவி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்து ஒட்டும்.