பன்னிரண்டு ட்யூப் அக்ரிலிக் பெட்டி: மாட்டுப் படம் வரைந்து விற்பவருக்கு எவ்வளவு தூரம் தாங்கும்?

சென்னைப் பாரிமுனைப் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மாணவர் தர அக்ரிலிக் பெட்டி. பன்னிரண்டு ட்யூப், ட்யூபுக்கு 9 மி.லி. அல்லது 20 மி.லி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்கு அது போதும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. நீலத் திமிலும் ஆரஞ்சு நெற்றியும் ரோஸ் மூக்குமாக மாட்டு முகம் வரைந்து காசுக்கு விற்பவருக்கு அது போதுமா என்பதுதான் இங்கே கேள்வி. நம் பதில்: முக்கால்வாசி நிறங்கள் உருப்படியானவை, கிரிம்சன் என்கிற அடர்சிவப்பு சந்தேகம், வெள்ளை போதவே போதாது. கம்பெனி பெயர் சொல்லி மார்க் போடவில்லை. இந்த விலையில் வருகிற பெட்டிகளில் குணமும் குறையும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறமி எவ்வளவு, வெறும் சுண்ண மாவு எவ்வளவு என்பதில்தான் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும்.

முதலில் அளவு. நன்றாக விற்கிற அளவு 16க்கு 20 அங்குலம். 320 சதுர அங்குலம், அதாவது சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஈரத்தில் 0.1 மி.மீ. தடிமன் வருகிற மாதிரி ஒரு கோட் பூசினால் 20 மி.லி. பெயிண்ட் போகும். அடிக்கோட், நடுக்கோட், மேல்கோட் என்று மூன்று போட்டால் 60 மி.லி. தட்டில் காய்ந்து வீணாவதையும் சேர்த்தால் 75. இதில் பாதிக்குக் கிட்ட வெள்ளை. அப்படியிருக்க 9 மி.லி. வெள்ளை ட்யூப் பின்னணியைக்கூட முடிக்காது. ஆகவே 20 மி.லி. பெட்டியாக வாங்கி, வெள்ளையை மட்டும் தனியாக 120 மி.லி. ட்யூபில், முடிந்தால் ஒரு படி மேலான தரத்தில் வாங்குங்கள். ட்யூபின் பின்னால் பி.டபிள்யூ. 6 என்ற நிறமிக் குறியீடு இருந்தால் அது டைட்டானியம் டையாக்சைடு. மாவு அதிகமான வெள்ளை காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறும். அதைக் கலந்த எல்லா நிறமும் சேர்ந்து வெளிறும். மாட்டின் மூக்கில் ஈரப் பளபளப்பு வரவே வராது.

இனி நிறங்கள். இந்தப் பெட்டியில் காசுக்கு மேல் உழைப்பது தாலோ நீலம், குறியீடு பி.பி. 15. கடுகளவு எடுத்து ஒரு ஸ்பூன் வெள்ளையில் கலந்தாலே முழு வானம் வரும். எப்போதும் வெள்ளையில் நீலத்தைச் சேர்க்கவேண்டும். நீலத்தில் வெள்ளையைச் சேர்க்கப் போனால் ட்யூப் காலியாகும், நிறம் இறங்காது. இன்னொரு நீலமான அல்ட்ராமரின் அவ்வளவு முரடு இல்லை. பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்போடு அதைச் சேர்த்தால் வருகிற சாம்பல்தான் காங்கேயம் காளையின் திமிலிலும் கழுத்திலும் இருக்கிற கருஞ்சாம்பல். நீலம் ஒரு சொட்டு ஏறினால் குளிர்ச்சி, சியன்னா ஒரு சொட்டு ஏறினால் வெயில். கறுப்பு ட்யூபைத் திறக்காமலே முழு மாட்டையும் முடிக்கலாம். கறுப்பை நேராகப் போட்டால் அந்த இடம் கேன்வாஸில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். கண்மணிக்கும் மூக்குத் துளைக்கும் மட்டும், அதுவும் தாலோ பச்சையும் சிவப்பும் கலந்த கறுப்பாக இருந்தால் நல்லது.

லெமன் மஞ்சள் நிறமாகப் பழுதில்லை, மூடும் சக்திதான் குறைவு. நீல அடிக்கோட்டின் மேல் அதைப் பூசினால் பச்சைதான் வரும். இரண்டு கோட், மூன்று கோட் என்று போய்க்கொண்டே இருக்கவேண்டியதில்லை. மஞ்சள் வரவேண்டிய இடத்தில் முதலில் வெள்ளை போட்டுக் காயவைத்து, அதன் மேல் ஒரே கோட். மஞ்சள் ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் இரும்பு ஆக்சைடு வகை மண் நிறங்கள், வெயிலுக்கு அசராதவை. வண்ணமயமான படத்துக்கு இவை எதற்கு என்று ஒதுக்கவேண்டாம். பக்கத்தில் ஒரு மங்கல் இருந்தால்தான் ஆரஞ்சு எரியும்.

கிரிம்சன்தான் தலைவலி. மலிவுப் பெட்டிகளில் இந்தப் பெயரில் என்ன நிறமி இருக்கிறது என்று ட்யூபில் பெரும்பாலும் போட்டிருப்பதில்லை. பழைய வகைச் சிவப்புச் சாயங்கள் வெயிலில் வெளுக்கும். வெள்ளை கலந்து ரோஸ் ஆக்கினால் இன்னும் வேகமாக வெளுக்கும். மாட்டின் மூக்கும் காதுக்குள்ளும் மடியும் இந்த ரோஸில்தான் வருகின்றன என்பதால் ஒதுக்கிவிடவும் முடியாது. சோதனை சுலபம். கனமான வெள்ளை அட்டையில் கிரிம்சனை முழுதாக ஒரு பட்டையும், வெள்ளை கலந்து ஒரு பட்டையும் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைக்கவேண்டும். தாளை எடுத்ததும் கோடு தெரிந்தால் அந்த ட்யூபை விற்பனைப் படத்துக்குத் தொடவேண்டாம். அதற்குப் பதில் குவினாக்ரிடோன், குறியீடு பி.வி. 19, தனி ட்யூபாக வாங்குவது உத்தமம். விலை கூடுதல்தான், ஆனால் சிறிய ட்யூப் பல படத்துக்கு வரும்.

நியான் நிறப் பெட்டி தனியாக வருகிறது. போனில் போட்டோ எடுத்துப் போடும்போது அதைப் போலக் கண்ணைப் பிடிப்பது வேறில்லை. ஆனால் அதன் ஒளிரும் சாயம் புறஊதாக் கதிரில் சிதைகிறது. வெயில் விழும் வராந்தாச் சுவரில் மாதக் கணக்கிலேயே மங்கிவிடும். புறஊதாத் தடுப்பு வார்னிஷ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. விற்கிற படத்தில் நியானைச் சேர்க்கவேண்டாம். அவ்வளவு பிரியமானால் சலங்கையின் ஓரத்தில் ஒரு கோடு, அதுவும் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு.

எந்த நிறத்தை எங்கே போடுவது என்பதற்குச் சட்டம் கிடையாது. வெளிச்சமும் நிழலும் எங்கே என்பதற்கு உண்டு. கன்னத்தின் நிழலுக்கு ஊதா, பச்சை, நீலம் எது வேண்டுமானாலும் போடலாம், அது நெற்றியைவிட இருட்டாக இருக்கும்வரை. ஒரே வெளிச்ச அளவில் ரோஸையும் பச்சையையும் பக்கம் பக்கமாக வைத்தால் மூக்குத்தண்டு தட்டையாகிவிடும், முகம் கோலப் புள்ளியாகச் சிதறும். வரையும் நடுவில் போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால் தப்பு உடனே தெரியும். தொடங்கும்போதே பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீரில் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் துடைத்துவிடுங்கள். வெள்ளைக் கேன்வாஸின் மேல் எல்லா நிறமும் இருட்டாகத் தெரிந்து கணக்குத் தப்பும். இன்னொன்று, அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் இருளும். ஈரத்தில் பால் போல இருக்கிற பிசின் காய்ந்து தெளிவாவதுதான் காரணம். மலிவுப் பெயிண்டில் இந்த மாற்றம் அதிகம். காய்ந்த இடத்தில் ஒட்டுப் போடுவதற்கு முன் ஓரத்தில் ஒரு தீற்று பூசிக் காயவைத்து ஒப்பிடவேண்டும்.

நிறம் எப்படிப் போனாலும் மாடு மாடாக இருக்கவேண்டும். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ மாடு வைத்துப் பால் கறக்கிறவர் படத்தைப் பார்த்தால் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், காதைத்தான் பார்ப்பார். காது கொம்புக்குக் கீழே, பின்னால் தள்ளி இருக்கும். கண்மணி வட்டம் இல்லை, படுக்கைவாட்டு நீளம். மேல் தாடையில் முன்பல் கிடையாது, அதனால் மேலுதடு நாய் மூஞ்சி மாதிரி தூக்காது. கிர் மாடு கேட்டால் நெற்றி புடைத்து வெளியே வளையும், காது நீண்டு மடிந்து தொங்கும். பர்கூர் என்றால் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பு, வளர வளரத்தான் சாம்பலாகும். பசுவும் கன்றும் சேர்த்துக் கேட்கிறவருக்கு இந்த விஷயம் ஒரு நல்ல நிறச் சாக்கு. கிரகப்பிரவேசத்துக்குக் கேட்பவர்கள் பெரும்பாலும் பசுவும் கன்றுமாகத்தான் கேட்கிறார்கள். மாதிரிப் படத்துக்கு அயனாவரம் கொன்னூர் நெடுஞ்சாலையில் பிஞ்சரபோல் கோசாலை இருக்கிறது. அனுமதி கேட்டு, காலை வெயிலில், மாட்டின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுக்கவேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் நெற்றி பெருத்து வாய் சிறுத்துவிடும்.

சித்திரை வெயிலில் மின்விசிறி ஓடுகிற அறையில் மெல்லிய கோட் சில நிமிஷத்தில் காய்ந்துவிடும், இரண்டு நிறத்தைக் குழைப்பதற்குள் பிரஷ் இழுக்கும். காய்வதைத் தாமதப்படுத்தக் கலக்கிற ரிட்டார்டர் உண்டு. ஆனால் அளவுக்கு மேல் போனால் படம் பல நாள் பிசுபிசுப்பாகவே கிடக்கும், எண்ணூர், மணலி பக்கத்துத் தூசியெல்லாம் அதில்தான் வந்து உட்காரும். அதைவிட, டிபன் பாக்ஸ் மூடியில் ஈர டிஷ்யூ விரித்து அதன் மேல் பட்டர் பேப்பர் வைத்துப் பெயிண்டைப் பிதுக்குங்கள். மூடிவைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றக்கூடாது. பெயிண்டில் பாதிக்கு மேல் தண்ணீரானால் பிசின் பிடிப்பு போய், மேலே அடுத்த கோட் தேய்க்கும்போது அடிக்கோட் கரைந்து வரும். மலிவு ட்யூபில் பிசினே அளவாகத்தான் இருக்கிறது.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குப் பூசுகிற எனாமலின் பளபளப்பு கேன்வாஸிலும் வேண்டுமென்று சிலர் எனாமலைப் பூசி அதன் மேல் அக்ரிலிக் தொடுகிறார்கள். எண்ணெய்ப் பசையின் மேல் அக்ரிலிக் நிற்காது, தோல் தோலாக உரிந்து வரும். கொம்பு மினுங்க வேண்டுமானால் பளபளப்பு (gloss) வார்னிஷை அங்கே மட்டும் தனியாகப் பூசினால் போதும்.

வார்னிஷ் போட அவசரம் கூடாது. தடித்த தீற்றல்கள் உள்ளே காய இரண்டு வாரமாவது விடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில், அதிலும் காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலோரத்தில், ஈரக்காற்றில் பூசினால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி மங்கும். கருநீலப் பின்னணியில் அது அப்படியே தெரியும். மழை விட்ட நாளில், மதியத்தில், மெல்லிய இரண்டு கோட். பளபளக்காத மேட் வார்னிஷானால் நன்றாகக் கலக்கி, குலுக்காமல் ஊற்றி, பூசிய இடத்தில் திரும்பத் திரும்பப் பிரஷ் ஓட்டாமல் விடவேண்டும்.

அதே கடற்காற்று கேன்வாஸின் பின்னாலும் வேலை காட்டும். ரெடிமேட் கேன்வாஸில் அடித்திருக்கிற சாதா ஸ்டேப்லர் பின் துருப்பிடித்து, கறை துணி வழியாக ஓரத்துக்கு வரும். எவர்சில்வர் பின் கேட்டு மாற்றி அடிக்கச் சொல்லலாம். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் மூலை ஆப்பை லேசாகத் தட்டினால் இறுகும், ஆப்பு இல்லாத மலிவுக் கட்டையில் அதற்கு வழியில்லை. பிரேமுக்கு எம்.டி.எஃப். என்கிற, மரநாரை அழுத்திச் செய்த பலகை வேண்டாம், ஓதம் ஏறிய சுவரில் ஊதிவிடும்.

பிரிண்ட் போட்டும் விற்பவர்கள் வார்னிஷுக்கு முன்பே படமெடுத்துக்கொள்ளவேண்டும், பின்னால் எடுத்தால் பளபளப்பு கண்ணாடியாக அடிக்கும். பளிச்சென்ற ஆரஞ்சும் தாலோ நீலமும் அச்சில் ஒரு படி இறங்கித்தான் வரும். நியான் வரவே வராது. ஆர்டர் படத்தில் இன்னொரு சிக்கல்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாற்றாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். அவர் வீட்டுப் பசு லட்சுமியின் படத்தைப் பிரிண்ட் போட்டு விற்க நினைத்தால் ரசீதிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும்.

விலையைச் சதுர அங்குலத்தில் சொல்வது பேரத்துக்கு நல்லது. அங்குலத்துக்கு 15 ரூபாய் என்று வைத்தால் 16க்கு 20 படம் 4,800, பிரேம் தனி. குவினாக்ரிடோன் ட்யூபின் கூடுதல் செலவு அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. படம் மாட்டுகிற ஹாலில் வெள்ளை எல்.ஈ.டி. பட்டைதான் என்றால் சிவப்பும் ஆரஞ்சும் அங்கே சற்று மந்தமாகத் தெரியும். கடைசி மேல்கோட்டை அதே மாதிரி விளக்கடியில் பார்த்து முடித்தால் பின்னால் புகார் வராது.

டெலிவரிக்குப் பபிள் ராப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றவேண்டாம். அக்ரிலிக் சூட்டில் இளகும், குமிழி வட்டம் வட்டமாகப் பதியும். முதலில் சிலிகோன் பூசிய பட்டர் பேப்பர், பிறகு அட்டை, அதற்கு மேல்தான் குமிழி. இரண்டு படங்களை முகத்துக்கு முகம் வைத்துக் கட்டக்கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மதியம் முழுக்க விட்டுவைத்தால் வார்னிஷ் போட்ட படத்திலும் பேப்பரின் சுருக்கம் பதியும்.