வான் எய்க் நகல்: ஓக் பலகையா, கேன்வாஸா?

பிராங்க்ஃபர்ட் ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘லுக்கா மடோனா’, பதினைந்தாம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியர் யான் வான் எய்க் சுமார் 1437இல் ஓக் மரப் பலகையில் வரைந்தது. அளவு ஏறத்தாழ 66 × 50 செ.மீ. சிங்க உருவங்கள் வைத்த அரியணையில் மரியாள் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். அவளுடைய சிவப்பு அங்கி மடிப்பு மடிப்பாகத் தரைவரை விரிந்து கிடக்கிறது. இதைக் கையால் வரைந்த நகலாகச் செய்யச் சொல்பவருக்கு முன்னால் இரண்டு வழி உண்டு: கேன்வாஸ் அல்லது ஓக் பலகை. எங்கள் தேர்வு பலகை. காரணம் அந்த அங்கி.

கேன்வாஸ் மலிவு, எடை குறைவு, சுருட்டி அனுப்பலாம், சீக்கிரம் முடியும். இதெல்லாம் எல்லோரும் அறிந்தது. நெசவு கண்ணில் படும் என்பதும் அப்படித்தான். ஓரத்து மாடத்தில் இருக்கும் கண்ணாடிக் குடுவையின் மினுக்கம் ஒரு நூலிழையின் மேட்டிலேயே சிதறிப்போகும். மெல்லிய லினனில் (ஆளிநார்த் துணியில்) நாலைந்து கை ஜெஸ்ஸோ, அதாவது வெள்ளை அடிப்பூச்சு, பூசித் தேய்த்தால் இதை ஓரளவு சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது நிழல். அவசரமாக வரையும் நகலில் சிவப்போடு கறுப்பைக் கலந்துதான் மடிப்பின் நிழல் போடுவார்கள். அங்கி அழுக்கேறிய துணியாகிவிடும். பதினைந்தாம் நூற்றாண்டு நெதர்லாந்து முறை இதற்கு நேர் எதிர். வெள்ளைத் தளத்தின்மேல் வெர்மிலியன் போன்ற கெட்டியான சிவப்பில் அடிவண்ணம், அதன்மேல் எண்ணெயில் குழைத்த ஒளி ஊடுருவும் அரக்குச் சிவப்பு. மேடான இடத்தில் இந்தப் பூச்சு மெல்லிசு. மடிப்பின் ஆழத்தில் பல படலம். ஆகவே நிழலில்தான் சிவப்பு மிக அடர்ந்திருக்கும். நகலைச் சோதிக்க இது ஒன்றே போதும்: இருண்ட மடிப்பில் பக்கவாட்டு வெளிச்சம் விழட்டும். அங்கே மாணிக்கச் சிவப்பு தெரிகிறதா, பழுப்புச் சேறு தெரிகிறதா என்று பாருங்கள்.

கேன்வாஸிலும் படலம் படலமாகப் பூசலாமே என்றால், பூசலாம். ஆனால் மெல்லிய பூச்சு நெசவின் பள்ளங்களில் தேங்கும். சீரான சிவப்புக்குப் பதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பலகையின் சுண்ணத் தளத்தில் அந்தத் தொல்லை இல்லை, தளம் ஒழுங்காக இருந்தால்.

ஒழுங்கான தளத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 70 கிராம் வஜ்ஜிரத்தை (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையை) இரவு முழுக்க ஊறவைத்து, கொதிக்கவிடாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். சலித்த சாக் பொடியைப் பாலாடைப் பதம் வரும்வரை சேர்த்து, ஆறு முதல் எட்டு கை, ஒவ்வொரு கையும் முந்தையதற்குக் குறுக்காகப் பூசி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் நுரை கட்டி ஊசித்துளை விழும். பின்னால் பூசும் சிவப்பு அதில் இறங்கிக் கரும்புள்ளியாக நிற்கும். மேல் கைகளில் பசை கூடினால் தளம் வெடிக்கும்.

வண்ணக் குழாயையும் கேட்டுவிடுங்கள். அலிசரின் கிரிம்சன் (குழாயில் நிறமிக் குறியீடு பிஆர் 83) மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளுக்கும். ஒளி ஊடுருவும் குவினாக்ரிடோன் (பிவி 19) நிலைக்கும். ஒரு படலம் காய நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம். ஈரத்தின்மேல் பூசினால் அடிவண்ணம் கிளம்பி வந்துவிடும். இரண்டு மாதத்துக்குக் குறைவாகக் கெடு சொல்லும் ஓவியர் படலங்களைக் குறைக்கப்போகிறார் என்றே கொள்ளலாம்.

பலகையின் குறை, அது அசையும். ஆரவாக்கில், அதாவது தண்டின் மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி, அறுத்த ஓக் குறைவாக வளையும். முன்பக்கம் மட்டும் தளம் பூசிப் பின்பக்கத்தை வெறுமனே விட்டால் அதுவும் வளையும். பின்னாலும் வஜ்ஜிரமும் தளமும் பூசச் சொல்லுங்கள். சட்டத்தில் ஆணியடித்து இறுக்கினால் இழையோடு பிளக்கும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கார்க் துண்டால் தாங்க வேண்டும். கடலோர ஊரில், ஏசி போட்டுப் போட்டு நிறுத்தும் அறையில் மாட்டுவதானால் இருமுறை யோசிக்கலாம். இப்போது அலுமினியத் தகட்டிலும் வரைகிறார்கள். அது வளையாது, ஆனால் அதன்மேல் தளம் பல பத்தாண்டு பிடித்து நிற்குமா என்பதில் ஓக்குக்கு இருக்கும் அறுநூறு ஆண்டுச் சாட்சி அதற்கு இல்லை.

துணியே ஆகாது என்பதல்ல. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, அதே நூற்றாண்டு ஓவியர் டீரிக் பௌட்ஸின் ‘அடக்கம்’ லினன் துணியில் வரைந்ததுதான். ஆனால் அது எண்ணெய் அல்ல, பசை வண்ணம். மங்கிய, பளபளப்பற்ற அழகு. அதை நகலெடுக்க லினனே சரி. மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும், அதே காலத்து ரோகியர் வான் டெர் வெய்டனின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ சுமார் 2.6 மீட்டர் அகலம். முழு அளவில் வேண்டுமென்றால் பல பலகைகளை ஒட்ட வேண்டும், மாடியேற்ற நான்கு பேர் வேண்டும். அங்கே நல்ல லினனுக்கு விட்டுக்கொடுப்பதில் தவறில்லை, நிழலில் கறுப்பைக் கலக்காத ஓவியர் கிடைத்தால்.