40 தாண்டுன ஐடி ஆளுங்களுக்கு ரெஸ்யூம் சர்வீஸ்: 5க்கு 3

ஓஎம்ஆர் பக்கம் இருக்கற சர்வீஸ், பேரு வேணாம். ஃபார்மட் நீட்டா இருக்கு, சொன்ன டைம்ல குடுத்துட்டாங்க. ஆனா மொத வேலையா காலேஜ் முடிச்ச வருஷத்த தூக்கிட்டாங்க, கோபால்ங்கற (COBOL) பழைய கம்ப்யூட்டர் மொழில பண்ண ப்ராஜெக்ட் எல்லாம் காலி, கேட்டா "சார் வயசு தெரிஞ்சா ஹெச்ஆர் ஓரமா வச்சிருவாங்க"ன்னு சிரிக்கறாங்க. அமெரிக்கால 40 வயசுக்கு மேல இருக்கவங்கள வயச காட்டி ஒதுக்கக் கூடாதுன்னு 1967லயே சட்டம் வந்துருச்சு, நம்ம அரசியலமைப்பு 16வது பிரிவுல அரசு வேலைக்கு மதம் சாதி பாக்கக் கூடாதுன்னு இருக்கு, வயசு அந்த லிஸ்ட்லயே இல்ல, பிரைவேட்ட கேக்கவே வேணாம். இதுல இவங்க ஃபார்ம்ல மதம்னு ஒரு கட்டம் வேற, எதுக்குங்கன்னா "பழைய ஃபார்ம் சார்"ங்கறாங்க. ரேட்டும் ஜாஸ்திதான். அந்த 3 ஸ்டாரும் டிசைனுக்கு.