சவுண்ட் கார்டை விற்றார்கள், எர்த் கம்பியை வெட்டிவிட்டுப் போனார்கள்

கணினியில் எந்தப் பாட்டும் ஓடாதபோதும் ஸ்பீக்கரிலிருந்து அடித்தொண்டையில் உறுமுவது போன்ற இரைச்சல் வருகிறது, மவுஸை நகர்த்தினால் மெல்லிய கீச்சொலியும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது என்ற புகாரோடு சர்வீஸ் கடைக்குப் போகவிருப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கடை ஒன்று எனக்குத் தேவையே இல்லாத பொருளை என் தலையில் கட்டியதோடு நிற்காமல், வீட்டில் உள்ளவர்களின் உயிரோடு விளையாடும் ஒரு வேலையையும் செய்து, அதற்கும் கூலி வாங்கிக்கொண்டது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என் மேசைக் கணினியின் ஒலி ஒரு 3.5 மி.மீ. வயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. கேபிள் டிவியின் செட்டாப் பாக்ஸும் அதே ஆம்ப்ளிஃபயரில்தான் இணைக்கப்பட்டிருக்கிறது. இரைச்சலின் முழுக் காரணமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கணினியோடு வேறு என்னென்ன இணைக்கப்பட்டிருக்கிறது என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை. "போர்டுல இருக்கிற ஆடியோ ஐசி போயிடுச்சு சார், தனி கார்டு போட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லி, ஒரு கார்டைப் பொருத்தி, தங்கள் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். இரைச்சல் இல்லை. அதே ஸ்பீக்கரைப் பழைய ஜாக்கில் செருகியிருந்தாலும் இரைச்சல் இருந்திருக்காது என்பதை மட்டும் காட்டவில்லை.

கார்டின் பெட்டியில் ஒலியின் நுணுக்கத்தைக் குறிக்கும் அளவுகளாக 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் கழற்றிப் பார்த்தபோது அதன் சில்லில் இருந்த எண் 8738. சி-மீடியா நிறுவனத்தின் அந்தச் சில்லு 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே தரக்கூடிய பழைய தலைமுறையைச் சேர்ந்தது. சில்லின் மேல் குற்றமில்லை, அதை வேறொன்றின் பெட்டியில் போட்டு, வேறொன்றின் விலைக்கு விற்றதுதான் குற்றம். கார்டைக் கணினியில் முடுக்கும் தகட்டின் திருகு துளையைச் சுற்றிப் பழைய கீறல்கள் வேறு இருந்தன. ரசீதுக்குப் பதிலாகக் கொடுத்தது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு.

வீட்டுக்கு வந்ததும் இரைச்சல் அப்படியே திரும்பியது. புகார் சொன்னதும் கடையிலிருந்து ஒரு பையன் வந்தார், மேசைக்குப் பின்னால் குனிந்து சிறிது நேரம் எதையோ செய்தார், இரைச்சல் அடங்கிவிட்டது. "லூஸ் காண்டாக்ட்தான் சார்" என்று சொல்லி, வீட்டுக்கு வந்ததற்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுக் கணினியின் பின்புறத் தகட்டைத் தொட்டபோது, விரலில் சுருக்கென்று மின்சாரம் ஏறியது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றிருந்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் அதன் விளக்கு மங்கலாக எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு, கணினியைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூன்று பின் பிளக்கைத் திறந்தேன். தடித்த எர்த் பின்னின் திருகில் கம்பியே இல்லை. பச்சைக் கம்பியை ஒட்ட வெட்டி, மடித்து, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி உள்ளே திணித்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று பின்களும் ஒழுங்காக இருப்பதாகவே தெரியும்.

இரைச்சல் அடங்கியதற்குக் காரணம் இதுதான். கணினிக்கு வீட்டு வயரிங் வழியாக ஓர் எர்த் இருக்கிறது. கேபிள் டிவி வயரின் உலோக உறைக்கும் வீட்டுக்கு வெளியே எங்கோ இன்னோர் எர்த் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறிய மின்னழுத்த வேறுபாடு ஆடியோ வயரின் உறை வழியாக ஓடும்போது, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உறுமலாகக் கேட்கின்றன. கணினிக்குள் எழும் இரைச்சலும் அதே பாதையில் கீச்சொலியாக வந்து சேர்கிறது. எர்த்தை வெட்டினால் அந்தச் சுற்று அறுந்துபோகும், உண்மைதான். ஆனால் கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்கம்பிகளிலிருந்து தகட்டுக்குப் போகும் சிறு மின்தேக்கிகள் உண்டு. எர்த் இல்லாதபோது அவை தகட்டை 230 வோல்ட்டின் ஏறக்குறையப் பாதியில் நிறுத்துகின்றன. ஆடியோ வயர் செருகியிருந்த வரையில் அந்தக் கசிவு ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேபிள் வயருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிய நொடியில் என் உடம்பு வழியாக இறங்கியது. கசிவு சிறிது என்பதால் சுருக்கென்றதோடு போயிற்று. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இன்சுலேஷன் கெட்டுத் தகட்டில் முழு மின்சாரமும் ஏறியிருந்தால், எர்த் இல்லாத அந்த நிலையில் ஃபியூஸும் போயிருக்காது.

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை. ஹெட்போனை நேரடியாகக் கணினியின் ஜாக்கில் செருகிக் கேட்க வேண்டும். அதில் சுத்தமாக இருந்தால் கணினியின் ஆடியோ சில்லு பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். பிறகு ஆம்ப்ளிஃபயரை இணைத்து, செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் வயரை மட்டும் கழற்ற வேண்டும். எனக்கு அந்த இடத்திலேயே உறுமல் நின்றது. மடிக்கணினி என்றால், சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் மறைகிறதா என்று பார்த்தாலே போதும். தீர்வு, கார் ஸ்டீரியோ கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். உள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒலியை மட்டும் கடத்தி, உறைத் தொடர்பை அறுத்துவிடுகின்றன. அதை ஆடியோ வயரில் பொருத்தி, பச்சைக் கம்பியை மீண்டும் முடுக்கிய பிறகு, போர்டிலுள்ள பழைய ஜாக்கிலேயே பாட்டுக் கேட்கிறேன். யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். யூஎஸ்பி வயரின் கிரவுண்டும் அதே தகட்டுக்குத்தான் போகிறது என்பதால் இந்த வகை உறுமலுக்கு அது உதவாது.

ஹெட்போனிலும் இரைச்சல் கேட்டால் கதை வேறு. சீறல் என்றால் முதலில் ஒலி அமைப்புகளில், மைக்கின் ஒலியைப் பெருக்கும் மைக் பூஸ்ட் ஏற்றி வைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். முன்பக்க ஜாக்கில் மட்டும் கீச்சொலி என்றால் பின்பக்க ஜாக்குக்கு மாறலாம். விட்டுவிட்டுப் படபடவென்று வெடித்தால் பெரும்பாலும் டிரைவர் எனப்படும், ஒலிச் சில்லை இயக்கும் மென்பொருளின் கோளாறு. தனி கார்டைப் பற்றிய பேச்சு இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் வர வேண்டும்.

கார்டைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் மறுத்துவிட்டார். வெட்டிய கம்பியைப் பற்றிக் கேட்டதற்கு, "சத்தம் நின்னுச்சா இல்லையா?" என்றார். துண்டுச் சீட்டு, பெட்டி, சில்லு, திறந்த பிளக் ஆகியவற்றின் படங்களோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். யாரிடமாவது இதுபோல் சட்டென்று இரைச்சலை நிறுத்தும் வேலை செய்துகொண்டவர்கள், மின்சாரத்தை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துத் திறந்து, தடித்த பின்னில் பச்சைக் கம்பி திருகப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். திறக்க முடியாத வார்ப்பு பிளக் என்றால், மின் இணைப்பு இல்லாத நிலையில் மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையைக் கணினியின் பெயிண்ட் இல்லாத திருகிலும் வைத்துத் தொடர்ச்சி காட்டுகிறதா என்று சோதிக்கலாம்.